வேலை தேடல் ஒரே இடத்தில் சுற்றும்போது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சில ஆண்டுகளுக்கு முன் ஒன்பது மாதம் வேலையில்லாமல் இருந்தேன். அந்த ஒன்பதில் முதல் ஆறு மாதம் ஒரே காரியத்தைத்தான் திரும்பத் திரும்பச் செய்தேன்: ரெஸ்யூமேயைத் திருத்துவது, அனுப்புவது, காத்திருப்பது, மறுபடி திருத்துவது. கடைசி மூன்று மாதத்தில்தான் இதை ஒரு சிக்கலாக எடுத்துப் பிரித்துப் பார்க்கக் கற்றுக்கொண்டேன். அதன் பிறகு தெரிந்தவர்கள், அவர்களுக்குத் தெரிந்தவர்கள் என்று பலர் என்னோடு உட்கார்ந்து தங்கள் தேடலைப் பேசியிருக்கிறார்கள். அவர்கள் அதிகம் கேட்ட கேள்விகளும், என்னால் முடிந்த பதில்களும் இங்கே.

படைப்பாற்றல் என்பது கதை எழுதுபவர்களுக்கும் படம் வரைபவர்களுக்கும் உள்ளது. வேலை தேடுகிறவருக்கு அது எதற்கு?

ஒரு பழைய சோதனையைச் சொல்கிறேன். கார்ல் டங்கர் என்ற ஜெர்மன் உளவியலாளர் செய்தது. அவர் மறைந்த பிறகு 1945இல் ஆங்கிலத்தில் வெளிவந்தது. மேசை மேல் மெழுகுவர்த்தி, தீக்குச்சி, ஒரு சின்னப் பெட்டி நிறைய, பலகையில் குத்துகிற தட்டைத் தலைப் பின்கள். மெழுகுவர்த்தியைக் கதவில் பொருத்த வேண்டும். பலர் பின்னை மெழுகிலேயே குத்திப் பார்க்கிறார்கள், மெழுகை உருக்கி ஒட்டப் பார்க்கிறார்கள். விடை எளிது: பின்களைக் கொட்டிவிட்டு, காலிப் பெட்டியைக் கதவில் குத்தி, அதன் மேல் மெழுகுவர்த்தியை நிறுத்தினால் போதும். பெட்டிக்குள் பின்கள் இருக்கும்போது பலருக்கு இது தோன்றவில்லை. அதே பெட்டியைக் காலியாக வைத்துக் கொடுத்தால் தோன்றிவிடுகிறது.

பெட்டி கண்ணெதிரேதான் இருந்தது. 'இது பின் வைக்கிற பெட்டி' என்று மனம் முடிவு கட்டியதால் வேறு எதற்கும் அது ஆகும் என்று தெரியாமல் போயிற்று. வேலை தேடுகிறவரும் தன் அனுபவத்தை இப்படித்தான் பார்க்கிறார். "நான் கணக்காளர்", "நான் வரவேற்பாளர்" என்ற பெயருக்குள் எல்லாம் அடைந்துகிடக்கிறது. அந்தப் பெட்டியைக் கவிழ்த்துப் பார்க்கும் பழக்கத்தைத்தான் படைப்பாற்றல் என்கிறேன். கலைத் திறமை இதற்குத் தேவையில்லை.

இதைப் படிப்படியாகச் செய்யலாம் என்று ஒழுங்குபடுத்தியவர்களில் முக்கியமானவர் அலெக்ஸ் ஆஸ்போர்ன். விளம்பரத் துறைக்காரர். 1950களில் அவரும் சிட்னி பார்ன்ஸ் என்பவரும் சேர்ந்து வளர்த்த முறைதான் இன்று பல வடிவங்களில் புழங்குகிறது. என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள், கேள்வியைச் சரியாக வை, வழிகளைக் குவி, பொறுக்கி எடு, செய்து பார். இவ்வளவுதான். ஆனால் எல்லாரும் நேராகக் கடைசிப் படிக்குத் தாவிவிடுகிறோம்.

சரி, நான் எங்கிருந்து தொடங்க வேண்டும்?

எண்ணிப் பார்ப்பதிலிருந்து. ஒழுகும் குழாயில் எந்த இடத்தில் ஒழுகுகிறது என்று தெரியாமல் முழு நீளத்துக்கும் துணி சுற்றிப் பயனில்லை.

என் நோட்டுப் புத்தகத்தின் ஒரு பக்கம் இன்னும் என்னிடம் இருக்கிறது. நடுவே கோடு கிழித்து நான்கு எண்கள் எழுதியிருக்கிறேன். அனுப்பிய விண்ணப்பம் 61. திரும்ப அழைத்தவர்கள் 14. முதல் சுற்று இன்டர்வியூ 11. இரண்டாம் சுற்று 1. அந்த எண்களைப் பார்த்தபோது வயிற்றில் ஏதோ பிசைந்தது. ஏனென்றால் ஆறு மாதமாக நான் திருத்திக்கொண்டிருந்தது ரெஸ்யூமேயை. ரெஸ்யூமே தன் வேலையை ஒழுங்காகவே செய்திருந்தது. 61 பேரில் 14 பேர் கூப்பிட்டிருக்கிறார்கள். ஒழுகல் முதல் சுற்றில் இருந்தது.

அன்று மாலை, முதல் சுற்றில் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளை நானே என்னிடம் கேட்டுப் பதிலைக் கைபேசியில் பதிவு செய்தேன். "முந்தைய வேலையை ஏன் விட்டீங்க?" என்ற கேள்விக்கு என் பதில் நான்கு நிமிடம் ஓடியது. அதில் பழைய மேலாளர் மூன்று முறை வந்தார். இரண்டாம் நிமிடத்தில் குரல் மாறுகிறது. கேட்டபோது எனக்கே அந்தப் பெண்ணை வேலைக்கு எடுக்கத் தயக்கமாக இருந்தது. அவள் சொன்னதில் பொய் இல்லை. ஆனால் காயம் ஆறவில்லை என்று குரலே சொல்லிற்று. அந்தப் பதிலை மூன்று வாக்கியமாக்கினேன்: குழுவைக் கலைத்தார்கள், என் பொறுப்பு இன்னொரு பிரிவோடு சேர்ந்துவிட்டது, இப்போது நான் தேடுவது இந்த மாதிரிப் பணி. அடுத்த ஐந்து முதல் சுற்றுகளில் மூன்று இரண்டாம் சுற்றுக்குப் போயின.

உங்கள் எண்கள் வேறு இடத்தைக் காட்டும். அழைப்பே வரவில்லை என்றால், தகுதிக்குப் பொருந்தாத இடங்களுக்கு அனுப்புகிறீர்களா, அல்லது பொருந்துவது காகிதத்தில் தெரியவில்லையா என்று பாருங்கள். கடைசிச் சுற்று வரை போய்ப் போய்த் திரும்பினால் உங்களிடம் பெரிய குறை இருக்க வாய்ப்பு குறைவு. வேறு ஒருவரோடு ஒப்பிடப்பட்டுத் தோற்கிறீர்கள். அங்கே தேவைப்படுவது திருத்தம் அல்ல, உங்களை நினைவில் நிறுத்தும் ஒரு சான்று. வேலை கிடைத்தும் மனம் ஒப்பாமல் விட்டுவிடுகிறீர்கள் என்றால் தேடும் இடமே தவறு.

"கேள்வியை மாற்றி எழுது" என்கிறார்கள். எனக்குத் தேவை வேலை. அதில் மாற்ற என்ன இருக்கிறது?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைப் படிக்க நேரம் இருந்தால் இதைப் படியுங்கள்.

1970களில் பிராக்டர் அண்ட் கேம்பிள் நிறுவனத்தில் ஒரு குழு, போட்டி நிறுவனத்தின் பச்சைக் கோடு போட்ட சோப்பைவிட நல்ல பச்சைக் கோட்டுச் சோப்பை எப்படிச் செய்வது என்று மண்டையை உடைத்துக்கொண்டிருந்தது. அங்கே பணியாற்றிய மின் பசாதுர் என்பவர் கேள்வியைத் திருப்பினார்: இன்னும் புத்துணர்ச்சி தரும் நம்முடைய சோப்பு ஒன்றை எந்த வழியில் செய்யலாம்? பச்சைக் கோடு கேள்வியிலிருந்தே விழுந்துவிட்டது. பிறகுதான் வழி திறந்தது.

"எனக்கு எப்படி வேலை கிடைக்கும்?" என்பது பச்சைக் கோடு மாதிரியான கேள்வி. பதில் வேறொருவர் கையில் இருக்கிறது. கேட்டுக்கொண்டே இருந்தால் கவலைதான் மிஞ்சும். அதை "எந்தெந்த வழிகளில் நான்..." என்று தொடங்கி எழுதிப் பாருங்கள். வழி என்பதை ஒருமையில் எழுதாதீர்கள். பன்மையில் எழுதும்போதே மனம் ஒன்றோடு நிற்காது.

கேள்வி மேலும் கீழும் நகரக்கூடியது. 'ஏன் இது வேண்டும்?' என்று கேட்டால் மேலே போகும். 'எது தடுக்கிறது?' என்று கேட்டால் கீழே இறங்கும். குழந்தைகளை வளர்க்க ஆறு ஆண்டு வேலையை விட்டிருந்த ஒருவர் என்னிடம் வந்தார். கணக்குத் துறையில் முன்பு நல்ல அனுபவம். அவர் எழுதி வந்த கேள்வி: "ஆறு வருட இடைவெளியை எப்படி மறைப்பது?"

எது தடுக்கிறது என்று கேட்டேன். "கேப் இருந்தால் எடுக்க மாட்டார்கள்." ஏன் எடுக்க மாட்டார்கள்? "இன்னும் வேலை தெரியுமா என்று சந்தேகப்படுவார்கள்." அந்தச் சந்தேகம் தீர எது வேண்டும்? கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "சமீபத்தில் என் வேலையைப் பார்த்த யாராவது ஒருவர் சொன்னால் போதும். அப்படி யாரும் இல்லையே."

அங்கேதான் கேள்வி பிறந்தது. இடைவெளியை மறைப்பது பற்றிய கேள்வி போய்விட்டது. "அடுத்த மூன்று மாதத்துக்குள் என் வேலையை நேரில் பார்த்த இரண்டு பேரை எந்தெந்த வழிகளில் உண்டாக்கலாம்?" என்பது வந்தது. அதற்கு அரை மணி நேரத்தில் பதினெட்டு வழிகள் எழுதினார். ஒரு சிறிய தொண்டு அமைப்பின் ஆண்டுக் கணக்கைச் சரிசெய்து தருவதாகக் கேட்டு, இரண்டு மாதம் வாரம் மூன்று முற்பகல் போனார். அந்த அமைப்பின் பொருளாளர்தான் பிறகு அவருக்காக இரண்டு இடங்களில் பேசினார்.

ஆறு ஆண்டு ஆறு ஆண்டாகவே இருந்தது. அதைப் பற்றிய கேள்விதான் மாறியது.

உட்கார்ந்தால் யோசனை வரவே மாட்டேன் என்கிறது. என்ன செய்வது?

வருகிறது. வரும்போதே நீங்கள் அதை வெட்டிவிடுகிறீர்கள். "பழைய நிறுவனத்தில் கேட்டுப் பார்க்கலாம்" என்று தோன்றிய மறுகணமே "சே, என்ன நினைப்பார்கள்" என்று இன்னொரு குரல் வருகிறது அல்லவா? இரண்டு குரலும் தேவையானவைதான். ஆனால் ஒரே நேரத்தில் பேசவிடக் கூடாது. யோசனைகளைக் குவிக்கும்போது தீர்ப்பு சொல்வதில்லை. தீர்ப்பு சொல்லும்போது புதிதாக எதையும் குவிப்பதில்லை. ஆஸ்போர்ன் முறையின் உயிரே இந்த ஒரு விதிதான்.

நான் செய்கிற விதம்: ஒரு தாள், முப்பது எண்கள், இருபத்தைந்து நிமிடம். முப்பதும் நிரம்பும் வரை எழுவதில்லை. முதல் பத்து யாருக்கும் தோன்றுகிறவையாக இருக்கும்: வேலைத் தளத்தில் பதிவு, நண்பரிடம் சொல்வது. பன்னிரண்டு, பதின்மூன்றில் வறண்டுவிடும். அங்கேதான் எல்லோரும் எழுந்துவிடுகிறார்கள். எழாதீர்கள். அபத்தமானவற்றையும் எழுதுங்கள். ஒருவர் இருபத்திரண்டாவதாக "இன்டர்வியூவுக்கு அவர்களை என் வீட்டுக்கு வரச் சொல்வேன்" என்று எழுதினார். இருபத்தைந்தாவது இப்படி ஆனது: "நான் வேலை செய்வதை அவர்கள் பார்க்கும்படி ஒரு சின்ன வீடியோ." அபத்தத்தின் தோளில் ஏறித்தான் அது வந்தது.

நான்கு பேரைக் கூட்டி வைத்து ஒன்றாக யோசிப்பது நல்லது என்ற எண்ணம் பரவலாக உண்டு. 1958இல் யேல் பல்கலைக்கழகத்தில் செய்த ஆய்வு வேறு மாதிரி சொல்கிறது. தனித்தனியாக யோசித்தவர்களின் பட்டியல்களைச் சேர்த்துப் பார்த்தபோது, கூடி உட்கார்ந்து யோசித்தவர்களைவிட யோசனைகள் கூடுதலாக இருந்தன. எனவே முதலில் தனியாக எழுதுங்கள், பிறகு நம்பிக்கையானவரிடம் காட்டுங்கள். முட்டி நின்றால் எழுந்து நடங்கள். நடக்கும்போது யோசனைகள் கூடுவதை ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் 2014இல் சோதித்துக் காட்டினார்கள். நடைக்குப் போகும்போது பேனாவும் துண்டுத் தாளும் எடுத்துப் போங்கள்.

முப்பதில் எதைப் பிடிப்பது?

இரண்டு வாரத்துக்குள் செய்து முடித்து, பலித்ததா இல்லையா என்று தெரிந்துகொள்ளக்கூடிய மூன்றை எடுங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். ரெஸ்யூமே, கடிதம், அனுப்பும் இடம் மூன்றையும் ஒரே வாரத்தில் மாற்றினால் எது வேலை செய்தது என்று ஒருநாளும் தெரியாது.

எல்லாம் தெரிந்தவர்கள் மூலம்தான் நடக்கிறது. எனக்கு யாரையும் தெரியாதே?

இந்த வருத்தத்தில் பாதி உண்மை. மார்க் கிரனோவெட்டர் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர், 1970களில் வெளியிட்ட ஆய்வுக்காக ஒரு புறநகரில் வேலை மாறியவர்களிடம் விசாரித்தார். ஏறக்குறைய 56 விழுக்காட்டினருக்குத் தனிப்பட்ட தொடர்பு வழியாகத்தான் வேலை கிடைத்திருந்தது. அது நீங்கள் சொல்வது. மறுபாதி இதோ: அப்படி உதவியவரை எவ்வளவு அடிக்கடி சந்திப்பீர்கள் என்று கேட்டபோது, அடிக்கடி என்றவர்கள் 16.7 விழுக்காடுதான். எப்போதாவது என்றவர்கள் 55.6. வருடத்துக்கு ஒருமுறையோ அதற்கும் குறைவாகவோ என்றவர்கள் 27.8.

காரணம் விளங்கக்கூடியதே. நெருங்கியவர்களுக்கு உங்களுக்குத் தெரிந்ததுதான் தெரியும். தள்ளி நிற்பவர் வேறொரு வட்டத்தில் புழங்குகிறார். அங்கே வருகிற செய்தி உங்களிடம் வருவதில்லை. லிங்க்ட்இன் தளத்தில் ஏறத்தாழ 2 கோடிப் பேரை வைத்துச் செய்து 2022இல் வெளியான ஆய்வும் இதையே நுணுக்கமாகச் சொன்னது: முற்றிலும் அந்நியரோ மிக நெருங்கியவரோ அல்ல, ஓரளவு பழக்கமுள்ள நடுத்தர உறவுகளே வேலை மாற அதிகம் உதவின.

ஆக, "எனக்கு யாரைத் தெரியும்?" என்று கேட்டால் ஏழெட்டுப் பேர்தான் வருவார்கள். "என் பெயரைச் சொன்னால் யாருக்கு முகம் நினைவு வரும்?" என்று கேளுங்கள். பழைய அலுவலகத்தில் வேறு பிரிவில் இருந்தவர், பயிற்சி வகுப்பில் பக்கத்தில் உட்கார்ந்தவர், முன்பு உங்களிடம் பொருள் வாங்கிய வாடிக்கையாளர் என்று பட்டியல் நீளும்.

இனி எழுதும் விதம். "வேலை ஏதாவது இருந்தா சொல்லுங்க சார்" என்று எழுதினால் அவரால் ஒன்றும் செய்ய முடியாது. மனம் இருந்தும் "சரி, பார்க்கிறேன்" என்றுதான் எழுத முடியும். இப்படி எழுதிப் பாருங்கள்:

"வணக்கம் சார். மூன்று வருடம் முன்பு கிடங்கு மென்பொருள் மாற்றத்தில் உங்கள் குழுவோடு வேலை பார்த்தேன், நினைவிருக்கும் என்று நம்புகிறேன். இப்போது சரக்குத் திட்டமிடல் பக்கம் போகலாமா என்று பார்க்கிறேன். நீங்கள் அந்தப் பணியில் இருப்பதால் ஒரு கேள்வி: புதிதாக வருகிறவரிடம் முதல் ஆறு மாதத்தில் என்ன எதிர்பார்க்கிறார்கள்? பதினைந்து நிமிடம் பேச முடிந்தால் நன்றாக இருக்கும். முடியாவிட்டாலும் பரவாயில்லை, இரண்டு வரி எழுதினாலே உதவி."

இதில் அவர் பதில் சொல்லக்கூடிய கேள்வி இருக்கிறது. தன் வேலையைப் பற்றிக் கேட்டால் மனிதர்கள் பேசுவார்கள். பேசி முடிக்கும்போது பல நேரம் அவர்களே "இன்னொருவர் இருக்கிறார், அவரிடமும் பேசுங்கள்" என்கிறார்கள். நன்றி எழுத மறக்காதீர்கள். அவர் சொன்னதைச் செய்து பார்த்துவிட்டு, என்ன ஆயிற்று என்று ஒரு மாதம் கழித்தும் ஒரு வரி எழுதுங்கள். அந்த இரண்டாவது செய்தியை அனுப்புகிறவர்கள் அபூர்வம்.

ரெஸ்யூமேயை வண்ணமாக, வித்தியாசமாக வடிவமைத்தால் கவனம் கிடைக்குமா?

வடிவமைப்புத் துறை வேலை என்றால் யோசிக்கலாம். மற்றபடி வேண்டாம். பல நிறுவனங்களில் முதலில் மென்பொருள்தான் விண்ணப்பங்களை வாங்கி அடுக்குகிறது. பக்கத்தை இரண்டு நெடுவரிசையாகப் பிரித்து, பெட்டி, படம் என்று போட்டால் அது குழம்பக்கூடும். எளிய வடிவமும், அறிவிப்பில் உள்ள அதே சொற்களும் போதும்.

ரெஸ்யூமேயில் படைப்பாற்றலைக் காட்ட வேண்டிய இடம் கழித்தல். எதையாவது மேம்படுத்தச் சொன்னால் மனிதர்கள் சேர்க்கத்தான் பார்க்கிறார்கள், எடுத்துவிடலாம் என்று தோன்றுவதே அரிது என்று 2021இல் நேச்சர் என்ற அறிவியல் இதழில் ஒரு ஆய்வு வந்தது. உங்கள் ரெஸ்யூமேயை எடுத்து, இந்த வேலைக்குச் சம்பந்தமில்லாத ஒவ்வொரு வரியையும் அடியுங்கள். மிச்சமிருப்பதில் "பொறுப்பேற்றேன்" என்று முடியும் வரிகளை, என்ன செய்தேன், அதனால் என்ன மாறியது என்று திருப்பி எழுதுங்கள். மூன்று பக்கம் ஒரு பக்கமாகும்போது வலிக்கும். பத்து வருட உழைப்பை அடிப்பது போல் இருக்கும். அடித்தது உங்களை விட்டு எங்கும் போகாது. வேறொரு கோப்பில் சேமித்து வையுங்கள், வேறொரு வேலைக்கு அதுவே முதல் வரியாகும்.

துறை மாற வேண்டும். என் அனுபவம் எல்லாம் வீணா?

பதவிப் பெயரை மூடிவிட்டு வினைச்சொற்களை மட்டும் எழுதுங்கள். ஒரு வரவேற்பாளர் எழுதியது: கோபமாக வருகிறவரை உட்கார வைக்கிறேன். ஒரே நேரத்தில் நான்கு பேரின் தேவையை வரிசைப்படுத்துகிறேன். யாருக்கு எது அவசரம் என்று முகம் பார்த்துக் கண்டுபிடிக்கிறேன். தவறான முன்பதிவைச் சத்தமில்லாமல் சரிசெய்கிறேன். வரவேற்பாளர் என்ற சொல் இல்லாமல் இதைப் படித்தால் மருத்துவமனை ஒருங்கிணைப்பாளர், வாடிக்கையாளர் சேவைக் குழுத் தலைவர், நிகழ்ச்சி ஏற்பாட்டாளர் என்று எத்தனை பேர் தெரிகிறார்கள்! பின்களைக் கொட்டிய பெட்டி இதுதான்.

முழுத் தாவலாக இல்லாமல் பாதித் தாவலாகவும் மாறலாம். துறையை வைத்துக்கொண்டு பணியை மாற்றுங்கள், அல்லது பணியை வைத்துக்கொண்டு துறையை மாற்றுங்கள். இரண்டையும் ஒரே மூச்சில் மாற்றுவது கடினம்.

செயற்கை நுண்ணறிவிடம் கேட்டால் இதெல்லாம் தானாக வந்துவிடாதா?

முப்பது வழிகள் எழுதி முடித்த பிறகு அதனிடம் இன்னும் முப்பது கேளுங்கள், நல்ல துணை. இன்டர்வியூ கேள்விகள் கேட்கச் சொல்லிப் பழகவும் உதவும். ஆனால் உங்களுக்கு முன்பே அதை எழுதவிட்டால், ஒரே அறிவிப்புக்கு விண்ணப்பிக்கும் பலரின் கடிதமும் ஒரே குரலில் போய்ச் சேரும். அது சேர்க்கிற தகுதிகளை வரி வரியாகச் சரிபாருங்கள். நீங்கள் செய்யாததையும் அழகாக எழுதிவிடும்.

அனுபவத்தைக் கொஞ்சம் கூட்டிச் சொல்வதும் படைப்பாற்றல்தானே?

இல்லை. அது பொய். வேலை கிடைத்த பின்னும் அதைக் காப்பாற்றிக்கொண்டே இருக்க வேண்டியிருக்கும்.

எவ்வளவு செய்தும் நடக்கவில்லை. தவறு என்னிடம்தானா?

பெரும்பாலும் முழுக்க உங்களிடம் இல்லை. ஒரு தொழிலே சுருங்கும்போது தனி மனிதரின் திறமை ஓரளவுதான் ஈடுகொடுக்கும். இதை நான் ஆறுதலுக்காகச் சொல்லவில்லை. உங்கள் எண்களில் ஒழுகல் எங்கும் தெரியாமல், வேலை அறிவிப்பே அருகிவிட்டது தெரிந்தால், அது சந்தையின் நிலை. அப்போது கேட்க வேண்டிய கேள்வி மாறும்: எந்தெந்த வழிகளில் இந்தக் காலத்தைத் தாண்டலாம், பக்கத்துத் துறைகளில் எது வளர்கிறது?

வேலையின்மை மனிதரை என்ன செய்கிறது என்பதற்கு ஆஸ்திரியாவின் மரியன்தால் கிராமம் சாட்சி. அங்கிருந்த நெசவாலை மூடப்பட்டு ஏறக்குறைய ஊரே வேலையிழந்தது. மரி யஹோதாவும் அவரோடு சேர்ந்த ஆய்வாளர்களும் அங்கே போய் ஆராய்ந்து, கண்டதை 1933இல் வெளியிட்டார்கள். கையில் நேரம் கொட்டிக் கிடந்தும் நூலகத்தில் எடுக்கப்பட்ட புத்தகங்கள் குறைந்தன. ஆண்களின் நடை மெதுவாகிவிட்டது, தெருவில் நின்று நின்று போனார்கள். பலர் கடிகாரம் வைத்துக்கொள்வதையே விட்டுவிட்டார்கள். இதைப் படித்தபோது என் ஆறு மாதம் எனக்குப் புரிந்தது. மதியம் மூன்று மணிக்கு "இன்றைக்கு என்ன செய்தேன்?" என்று எனக்கே தெரியாத நாட்கள் அவை. சோம்பல் என்று என்னைத் திட்டிக்கொண்டிருந்தேன். வேலை சம்பளத்தோடு நாளுக்கு ஒரு வடிவத்தையும் தருகிறது; அது போனால் யாருக்கும் இப்படித்தான் ஆகும்.

எனவே நாளுக்கு வடிவம் கொடுங்கள். முற்பகலில் இரண்டரை மணி நேரம் தேடல், அதற்கு மேல் இல்லை. பிற்பகலில் கை படும் ஏதாவது ஒன்று: கற்பது, பழுது பார்ப்பது, யாருக்காவது உதவுவது. நாள் முழுக்கத் திரை முன் உட்கார்ந்திருப்பது தேடலே அல்ல.

நிராகரிப்பு மனதைக் குலைக்கிறது. எப்படித் தாங்குவது?

எழுதுங்கள். யாரும் படிக்காத தாளில், தினம் இருபது நிமிடம், ஐந்து நாள். வேலை போனதைப் பற்றி என்ன தோன்றுகிறதோ அப்படியே. கணினி நிறுவனம் ஒன்றில் வேலையிழந்த பொறியாளர்களை வைத்து ஜேம்ஸ் பென்னிபேக்கரும் அவரது சகாக்களும் செய்த ஆய்வு 1994இல் வெளியானது. இப்படி எழுதியவர்களில் சில மாதங்களில் வேலை கிடைத்தவர்கள், எழுதாதவர்களைவிட அதிகம். அவர்கள் அதிகமாக விண்ணப்பித்ததாகவும் தெரியவில்லை. ஆத்திரத்தைத் தாளில் இறக்கியவர் அதை இன்டர்வியூ அறைக்குள் தூக்கிப் போகவில்லை என்று நான் புரிந்துகொள்கிறேன். என் நான்கு நிமிடப் பதில் நினைவிருக்கிறதா? அது தாளுக்குப் போயிருக்க வேண்டியது.

கையில் பணமில்லை. உட்கார்ந்து யோசிக்க எனக்கு ஏது நேரம்?

உண்மை. பசிக்கும்போது முப்பது யோசனை எழுதச் சொல்வது நியாயமில்லை. முதலில் கிடைக்கிற வேலையில் சேருங்கள். அதில் இழுக்கு எதுவும் இல்லை. சேரும்போதே நல்ல வேலையைத் தேடுவதற்கென்று வாரத்தில் இரண்டு முறை ஒரு மணி நேரத்தை ஒதுக்கிவிடுங்கள். "நேரம் கிடைத்தால் செய்வேன்" என்பது நடக்காது. "செவ்வாய், வெள்ளி, வேலை முடிந்து வந்து முகம் கழுவியதும் நோட்டைத் திறப்பேன்" என்று எதற்குப் பின் எது என்று முடிச்சுப் போட்டால் நடக்க வாய்ப்பு அதிகம்.

என் தம்பி வேலை தேடுகிறான். நான் எப்படி உதவுவது?

"ஏதாவது ஆச்சா?" என்று கேட்காதீர்கள். ஆகியிருந்தால் அவனே முதலில் உங்களிடம்தான் ஓடி வருவான். ஆகாத நாளில் அந்தக் கேள்விக்கு அவனிடம் பதில் இல்லை. "இந்த வாரம் யாரோடு பேசின?" என்று கேளுங்கள், அது அவன் கையில் இருக்கிற காரியம். யோசனை சொல்ல ஆசை வரும். அவன் தாளில் முப்பதும் நிரம்பும் வரை அடக்கிக்கொள்ளுங்கள். அவன் பழகிப் பார்க்க எதிரே உட்கார்ந்து கேள்வி கேளுங்கள், கைபேசியில் பதிவு செய்து கொடுங்கள், அதை அவன் தனியாகக் கேட்கட்டும். உங்களுக்குப் பழக்கமான, ஆனால் அவனுக்குப் பழக்கமில்லாத மூன்று பேரின் எண்ணைத் தேடி, அவர்களிடம் முதலில் நீங்கள் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு அவனிடம் கொடுங்கள். அவனுடைய நடுத்தர உறவுகளில் பலர் உங்கள் கைபேசியில்தான் இருக்கிறார்கள்.